அமெச்சூர்னா கத்துக்குட்டி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெச்சூர் டிராக் ஓட்டக்காரங்க அஞ்சு பேரைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. பொய் சொல்லல, பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து வட்டம் அடிக்கிற எங்களை எல்லாம் பேப்பர்ல போடுவாங்கன்னு யாரு கண்டா, வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன். ஆனா ரெண்டாவது தடவை படிக்கும்போது ஒண்ணு உறுத்திச்சு, மூணாவது தடவை படிச்சதும் இதுக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், மன்னிச்சுக்கங்க, இடம் இல்லாம வெட்டுறதா இருந்தா எங்க வேணா வெட்டுங்க, கடைசியில இருக்கிற பி.கு.வை மட்டும் வெட்டிடாதீங்க.

தலைப்பு என்ன போட்டிருந்தீங்க? "கத்துக்குட்டிகளின் சாதனை". ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் வயசு, வேலை, டைமிங். ஒருத்தருக்கு 41 வயசு, ஆபீஸ் வேலை, 400 மீட்டர் 62 செகண்ட், ஓட ஆரம்பிச்சு எட்டே மாசம். அதுக்கும் கீழ கொட்டை எழுத்துல "எந்த விளையாட்டுப் பின்னணியும் கிடையாது, மன உறுதி மட்டுமே". ஆகா ஓகோன்னு படிச்சிட்டே போனா கடைசி பாராவுல அவரே சொல்றார், காலேஜ் முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் ஃபுட்பால் ஆடியிருக்கேன்னு. அந்தக் "கொஞ்சம்"லதாங்க மொத்தக் கதையும் இருக்கு, அதைப் போய் ஓரங்கட்டிட்டீங்களே. வருஷக்கணக்கா பந்தைத் தொரத்தின கால் வேற, வருஷக்கணக்கா நாற்காலிக்கு அடியில மடங்கிக் கிடந்த கால் வேற. ரெண்டுக்கும் ஒரே வயசு இருக்கலாம், ஒரே மாதிரி ஷூ கூட இருக்கலாம்.

இதுல எனக்கு என்ன இவ்வளவு கடுப்புன்னு கேப்பீங்க. பட்டவன் சொல்றேன்.

நான் டிராக்குக்கு வந்தது 39 வயசுல. பின்னணின்னு கேட்டா பூஜ்யம், ஸ்கூல்ல விளையாட்டு பீரியடு வந்தாலே வயித்து வலின்னு ஒதுங்கி உக்காந்த கேஸ். எங்க செட்டுல ஒருத்தர் இருந்தார், என்னை விட ஏழு வயசு சின்னவர், அண்ணே அண்ணேன்னு பாசமாப் பேசுவார். செவ்வாய்க்கிழமை ஆனா அவருக்கு 400 மீட்டர் பத்து ரிப்பீட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 200 மீட்டர் மெதுவா ஜாக். நானும் பின்னாடியே போவேன். அவர் 75 செகண்ட்ல அசால்ட்டா முடிச்சிட்டு வாட்சைப் பார்ப்பார், நான் 1:50ல நாக்கு தள்ளி வந்து விழுவேன், ஆனா எண்ணிக்கைய மட்டும் விடமாட்டேன், அவர் பத்துன்னா நானும் பத்து. வியாழக்கிழமை மறுபடியும் அதே கூத்து. அதுல பாருங்க, மூச்சு சீக்கிரமே பழகிடுச்சு, அதுதான் என்னை ஏமாத்தினது. மூணாவது வாரத்துல பேசிக்கிட்டே ஓடுறேன், படி ஏறினா இரைக்கல, சரி நம்ம உடம்பு தேறிடுச்சுன்னு எனக்கு நானே சர்ட்டிஃபிகேட் குடுத்துக்கிட்டேன்.

ஆறாவது வாரம் வலது கணைக்கால் எலும்புல, முழங்காலுக்கு ஒரு சாண் கீழ, ஒரே ஒரு இடத்துல வலி. முதல்ல ஓடும்போது மட்டும் இருந்துச்சு, அப்புறம் நடக்கும்போதும், கடைசியில ராத்திரி படுத்திருக்கும்போது கூட விண்ணு விண்ணுன்னு. கட்டைவிரலை வெச்சு அழுத்தினா அந்த இடம் மட்டும் உயிர் போகும், ரெண்டு விரல் தள்ளி அழுத்தினா ஒண்ணுமே இல்ல. ஃபிசியோகிட்ட போனேன். ஒத்தைக்கால்ல நின்னு குதிங்கன்னார், என்னால முடியல. அப்புறம் கேட்டார், இதுக்கு முன்னாடி என்ன விளையாடிட்டிருந்தீங்கன்னு. ஒண்ணுமில்லன்னேன். எத்தனை வருஷமா ஓடுறீங்க? ஆறு வாரமான்னு சொன்னேன். வாரத்துக்கு எத்தனை ரிப்பீட்? இருபது. மனுஷன் எழுதிட்டிருந்த பேனாவை மூடி கீழ வெச்சிட்டார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப பாரம் இறங்கி எலும்புல விழுற மெல்லிசான விரிசல். மூணு மாசம் ஓட்டம் கட்.

அவர் விளக்கினது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. புதுசா பாரம் வந்தா எலும்பு முதல்ல பழைய பகுதியைக் கொஞ்சம் கரைக்குமாம், அதுக்கப்புறம்தான் புதுசா கட்டுமாம். கரைக்கிறது சில வாரத்துல நடந்துடும், கட்டி இறுகுறதுக்கு மாசக்கணக்காகும். நடுவுல இருக்கிற அந்தக் காலத்துல எலும்பு முன்னாடி இருந்ததை விட வலு கம்மியா இருக்கும், அதனாலதான் சும்மா இருந்தவங்க திடீர்னு ஓட ஆரம்பிச்சா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துல மாட்டிக்கிறாங்க. இதயமும் நுரையீரலும் வாரக்கணக்குல தேறும், தசை அதுக்கடுத்து, தசைநாரும் எலும்பும் ஆமை வேகம். வீட்டுக்கு அஸ்திவாரம் காயறதுக்குள்ள மாடி மேல மாடி எடுத்த மாதிரிதான் நான் பண்ணினது.

மூணு மாசம் கழிச்சுப் போனப்போ அந்தத் தம்பிகிட்ட முதல் தடவையா உக்காந்து பேசினேன். 13 வயசுல டிராக்ல இறங்கினவராம், ஏழு வருஷம் கோச்சுகிட்ட முறையான பயிற்சி, காலேஜுக்காக 800 மீட்டர் ஓடி ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்தவர். அப்புறம் வேலை, கல்யாணம், எட்டு வருஷம் சுத்தமா கேப். திரும்பி வந்தப்போ முதல் ஒரு வருஷம் இண்டர்வெல் பக்கமே, அதாவது வேகமா ஒண்ணு மெதுவா ஒண்ணுன்னு மாறி மாறி ஓடுற அந்த ரிப்பீட் பக்கமே, போகாம மெதுவா ஜாகிங் மட்டும்தான் பண்ணியிருக்கார். நான் அவரைப் பார்க்க ஆரம்பிச்சது அந்த ஒரு வருஷமும் முடிஞ்சதுக்கு அப்புறம். "என்னப்பா, இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா"ன்னேன். "நீங்க கேக்கவே இல்லையேண்ணே" அப்படின்னார். நியாயம்தானே, என்ன பதில் சொல்ல முடியும்.

அதுலேர்ந்து எனக்கு இது ஒரு வியாதி மாதிரி ஆயிடுச்சு, புதுசா யாரு வந்தாலும் வார்ம் அப் முடியறதுக்குள்ள ஜாதகத்தைக் கேட்டுடுவேன். கோச்சுங்க இதை ட்ரெய்னிங் ஏஜ்னு சொல்லுவாங்க, அதாவது பொறந்த வயசு இல்ல, பயிற்சியில இருந்த வயசு. எனக்கு அன்னைக்கு 39ம் ஆறு வாரமும், அந்தத் தம்பிக்கு 32ம் பத்து வருஷமும். நீங்க போட்டது முதல் நம்பரை மட்டும்.

கேக்கக் கேக்கத்தான் தெரியுது ஒவ்வொரு விளையாட்டும் உடம்புல ஒவ்வொண்ணை விட்டுட்டுப் போயிருக்குன்னு. நீச்சல்லேர்ந்து ஒரு பையன் வந்தான், மூச்சுன்னா அப்படி ஒரு மூச்சு, எங்க எல்லாருக்கும் வாய் பொளந்து நிக்கும்போது அவன் மூக்கால சுவாசிச்சிட்டு நிப்பான். ஆனா தண்ணியில உடம்பு மிதக்குது, தரையில ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு கால்ல இறங்குது, அவன் இதயத்துக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவுல ஒப்பந்தமே ஆகல. இவனை மாதிரி ஆளுங்களைத்தான் புடிச்சு நிறுத்தணும், ஏன்னா மூச்சு வாங்கி நின்னுடுவாங்கங்கிற பாதுகாப்பே அவங்களுக்குக் கிடையாது. சைக்கிள் ஓட்டிட்டு வர்றவங்களும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

ஃபுட்பால்காரங்க வேற மாதிரி. ஒரு மேட்ச்ல பத்து கிலோமீட்டர் வரைக்கும் கால் ஓடியிருக்கும், ஆனா அதுல பெரும்பகுதி நடையும் ஜாகிங்கும், நடுநடுவுல சின்னச் சின்னதா வேகப் பாய்ச்சல். அதனால எலும்பு ரெடி, வேகம் ரெடி, பேஸ்தான், அதாவது தூரத்துக்குத் தகுந்த மாதிரி வேகத்தைப் பங்கிட்டு ஓடுறதுதான், தெரியாது. 800 மீட்டர்னா முதல் 200ஐ பந்தைப் பார்த்த மாதிரி பாஞ்சுடுவாங்க, 500ல ஆளைக் காணோம். உங்க 41 வயசுக்காரர் ஏன் 400ல கலக்குறார்னு இப்போ புரியுதா? அவரை 5000 ஓடச் சொல்லிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ஆனா உண்மையிலேயே பயமா இருக்கிறது பழைய ஸ்பிரிண்டர்கள் திரும்பி வரும்போதுதான். ஒருத்தர் 100 மீட்டர்காரர், 12 வருஷத்துக்கு அப்புறம் வந்தார், வார்ம் அப் ரெண்டு லேப் போனார், பழைய ஸ்பைக்ஸை, அதான் ஆணி வெச்ச ஷூவை, மாட்டினார், "சும்மா ஒண்ணு போட்டுப் பார்க்கிறேன்"ன்னார். அறுபது மீட்டர் வரைக்கும் பார்க்கவே அவ்வளவு அழகு, தோள் அசையல, முட்டி அப்படித் தூக்குது, நாங்க எல்லாம் நின்னு வேடிக்கை பார்க்கிறோம், திடீர்னு தொடையோட பின்பக்கத்தைப் புடிச்சிக்கிட்டு நொண்டி நொண்டி நின்னுட்டார். ஹாம்ஸ்ட்ரிங். மூளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, தசைக்கு ஞாபகம் இல்ல. ஆக பின்னணி இருக்கிறதே கூட ஆபத்துதான், எவ்வளவு கேப்புங்கிறதையும் சேர்த்துக் கேக்கலைன்னா.

இன்னொருத்தரைப் பத்தியும் சொல்லணும். எங்க டிராக்ல 67 வயசு அம்மா ஒருத்தங்க 5000 மீட்டர் ஓடுறாங்க, பன்னிரண்டரை லேப், ஒரே சீரா, ஒவ்வொரு லேப்புக்கும் வித்தியாசம் ரெண்டு செகண்டுக்கு மேல போகாது. பின்னணி கேட்டா "எனக்கு ஏதுப்பா அதெல்லாம்"னு சிரிப்பாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல பெண்களுக்கு 800 மீட்டர் வெச்சாங்க, ஓடி முடிச்சவங்க களைச்சுப் போயிட்டாங்கன்னு பெரிசா கூச்சல் போட்டு எடுத்துட்டாங்க, மறுபடி வந்தது 1960 ரோம்லதான். 1500 மீட்டர் 1972ல, 3000 மீட்டரும் மாரத்தானும் 1984ல, 10,000 மீட்டர் 1988ல, 5000 மீட்டர் 1996ல. அந்தம்மா ஸ்கூல் முடிச்ச காலத்துல உலகத்துலயே பெரிய போட்டியில பெண்களுக்கு 1500க்கு மேல ஓட்டமே கிடையாது, அவங்களுக்கு எங்கேர்ந்து பின்னணி வரும்? ஆனா தோண்டிக் கேட்டா 35 வருஷம் நர்ஸ் வேலை, வார்டுக்கு வார்டு நடை, நைட் ஷிஃப்ட்ல உக்காரக் கூட நேரம் இல்லாத நடை. அந்தக் கால் சும்மா இருந்த கால் இல்லீங்க. விளையாட்டுன்னு பேர் வைக்காததால அதைப் பின்னணின்னு நாம எண்ணுறதில்ல.

இப்போ அந்தத் தலைப்புக்கு வர்றேன். அமெச்சூர்னா காசுக்காக ஓடாதவங்கன்னுதான் அர்த்தம், கத்துக்குட்டின்னு இல்ல. ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஃபின்லாந்து ஓட்டக்காரர் பாவோ நூர்மியையே, காசு வாங்கினார், இனிமே அவர் அமெச்சூர் இல்லன்னு சொல்லி 1932 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஓட விடல. ஒரு மைலை முதல் முதலா நாலு நிமிஷத்துக்குள்ள ஓடின ரோஜர் பேனிஸ்டர் அமெச்சூர்தான், மருத்துவ மாணவர், 1954 மே 6, 3 நிமிஷம் 59.4 செகண்ட். அவரைப் பத்தி எழுதுற எல்லாரும் மதிய இடைவேளையில தினமும் கொஞ்ச நேரம்தான் பயிற்சி பண்ணினார், அதுலயே சாதிச்சார்னு எழுதிடுவாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா அவர் ஆக்ஸ்ஃபோர்டுல ஓட ஆரம்பிச்சது 1946ல, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல 1500 மீட்டர்ல நாலாவது வந்திருக்கார். அந்த மதிய இடைவேளைக்குப் பின்னாடி எட்டு வருஷம் நிக்குது. அதை விட்டுட்டு இடைவேளையை மட்டும் எடுத்துக்கிட்டா என்னை மாதிரி பத்து ரிப்பீட் கேஸ்தான் ஆகும்.

கனடாவுல எட் விட்லாக்னு ஒருத்தர் இருந்தார், 73 வயசுல, 2004ல மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 செகண்ட்ல ஓடினவர். தாத்தா ஓடினார் பாருங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கும். சின்ன வயசுல நல்லா ஓடினவர், நடுவுல பல வருஷம் விட்டுட்டு நாப்பதுகள்ல திரும்பி வந்தவர், 48 வயசுலயே மாரத்தானை 2:31ல ஓடியிருந்தவர்ங்கிறது அந்த மெசேஜ்ல இருக்காது.

எல்லாருமே பழைய ஆளுங்கதான்னும் சொல்ல வரல. நம்ம நாட்டு மன் கௌர் பாட்டி 93 வயசுல முதல் முதலா தடகளத்துக்கு வந்தவங்க, 101 வயசுல 2017 ஆக்லாந்து உலக மாஸ்டர்ஸ் (மூத்தோர்) விளையாட்டுல 100 மீட்டர் ஓடினாங்க, 74 செகண்ட். அங்கயும் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தது ஏற்கனவே தடகளத்துல இருந்த மகன். யாரு சொல்லிக் குடுத்தாங்கங்கிறதும் பின்னணிதானே.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்துல ஷூ தொழிற்சாலையில வேலை பார்த்தவர், ரக்பி ஆடுவார், நமக்கென்ன நல்லா ஃபிட்டாத்தானே இருக்கோம்னு நினைச்சிட்டிருந்தவரை தடகள கிளப் தலைவர் ஒருத்தர் அஞ்சு மைல் ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் நுரை தள்ள வெச்சிருக்கார். ஃபிட்டா இருக்கிறது வேற, ஓடுறதுக்கு ஃபிட்டா இருக்கிறது வேறன்னு அன்னைக்குப் புரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா தன் உடம்புலயே சோதனை பண்ணிப் பார்த்துட்டுத்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தார், முதல்ல மாசக்கணக்குல நீளமான ஓட்டம், வேகமெல்லாம் அதுக்கு அப்புறம். வாரத்துக்கு நூறு மைல்னு சொன்னா 800 மீட்டர் ஓடுறவனுக்கு எதுக்குய்யா நூறு மைல்னு சிரிச்சாங்க. 1960 ரோம்ல அவர் பசங்க ரெண்டு பேர், பீட்டர் ஸ்னெல் 800லயும் மர்ரே ஹால்பெர்க் 5000லயும் ஒரே நாள்ல தங்கம் வாங்கினாங்க. அந்த ஸ்னெல் அதுக்கு முன்னாடி டென்னிஸ் ஆடிட்டிருந்த பையன். (நூறு மைல்னதும் நாளைக்கே யாரும் கிளம்பிடாதீங்க, அந்த நூறுக்கும் ஒரு முன்கதை இருக்கு.)

அதனால உங்ககிட்ட கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த தடவை இப்படிப் போடும்போது டைமிங்குக்குப் பக்கத்துலயே, இவர் முன்னாடி என்ன ஆடினார், எத்தனை வருஷம், நடுவுல எவ்வளவு கேப், திரும்பி வந்து எத்தனை மாசம் கழிச்சு வேகத்தைத் தொட்டார், வாரத்துக்கு எத்தனை நாள், கூட யாராவது பார்த்துக்கிட்டாங்களா, எங்கயாவது அடிபட்டு உக்காந்தாரான்னு ரெண்டு வரி சேர்த்துடுங்க. அடிபட்டதைக் கேட்டா முதல்ல மழுப்புவாங்க, ஃபிசியோகிட்ட போயிருக்கீங்களான்னு சுத்தி வளைச்சுக் கேளுங்க, கொட்டிடுவாங்க. "மன உறுதி"ங்கிற வார்த்தைய ஒரு வருஷத்துக்கு லீவுல அனுப்பிடுங்க. எனக்கும் மன உறுதி இருந்துச்சு, அது எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல தெரியல.

நேத்து காலையில ஒரு புதுப் பையன் டிராக்குக்கு வந்தான், ஃபோன்ல உங்க கட்டுரைய போட்டோ எடுத்து வெச்சிருக்கான். அண்ணே, எட்டு மாசத்துல 62 வந்துடுமாண்ணேன்னு கேட்டான். நீ என்னப்பா விளையாடியிருக்கேன்னு கேட்டேன். "ஃபோன்லயாண்ணே?" அப்படின்னான். அவனை வெளி லேன்ல மெதுவா ஓட விட்டிருக்கேன், ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடை, எண்ணிக்கைய நான் வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
39 வயசுல ஓட வந்து 40லதான் ஓட ஆரம்பிச்ச உங்க வாசகன்

பி.கு.: மூணாவது போட்டோவுல இருக்கிறவர் தினமும் ஆறாவது லேன்ல பத்து லேப், அதாவது 4 கிலோமீட்டர், 22 நிமிஷத்துல ஓடுறார்னு போட்டிருக்கீங்க. ஒரு லேப் 400 மீட்டர்ங்கிறது முதல் லேனுக்குத்தான். ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம், வெளிய போகப் போக வளைவு பெரிசாகும், ஆறாவது லேன்ல ஒரு சுத்து கிட்டத்தட்ட 438 மீட்டர், எட்டாவதுல 453. அவர் ஓடினது 4 கிலோமீட்டர் இல்ல, 4 கிலோமீட்டரும் 377 மீட்டரும். கிலோமீட்டருக்கு 5:30ன்னு நீங்க போட்ட பேஸ் உண்மையில 5:02. திருத்தம் போடும்போது அந்த மனுஷருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தான் இவ்வளவு வேகம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது.